கட்டியங்காரன் முதல் திரைக்கோமாளி வரை: வகைமாந்தரும் எள்ளலின் திசையும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ் அரங்கிலும் திரையிலும் மீண்டும் மீண்டும் தோன்றும் நகைச்சுவை மாந்தரை வகைமாந்தர் என்னும் கருத்தாக்கத்தின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது. தெருக்கூத்தின் கட்டியங்காரன், ஸ்பெஷல் நாடகத்தின் பபூன், திரைப்படத்தின் வேலைக்காரன், நண்பன் ஆகியோர் இவ்வாய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றனர். வகைமாந்தர் வளர்ச்சியற்றவர், ஆதலால் கலைத்தரத்தில் தாழ்ந்தவர் என்னும் மதிப்பீடு தமிழ் மரபுக்குப் பொருந்துவதன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் எள்ளல், அதற்குப் பேராசிரியர் தரும் விளக்கம் ஆகியவற்றை அளவுகோலாகக் கொண்டால், இம்மாந்தரின் தகுதி உளவியல் ஆழத்தில் அன்றி, யார் யாரை எள்ளுகிறார் என்னும் திசையில் அமைவது புலனாகும். கதைக்கும் அவைக்கும் இடையே நின்ற மாந்தர் கதைக்குள் வேலையாளாக அடங்கியபோது எள்ளலின் திசையும் மாறியது என்பது இக்கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: வகைமாந்தர், கட்டியங்காரன், பபூன், எள்ளல், மெய்ப்பாடு, தெருக்கூத்து, ஸ்பெஷல் நாடகம், திரை நகைச்சுவை.

முன்னுரை

மேடையில் ஒருவர் தோன்றிய அளவிலேயே அவர் யார், எவ்வாறு பேசுவார், எதற்கு அஞ்சுவார் என்பதை அவையோர் உணர்ந்துகொள்வராயின் அவரை வகைமாந்தர் எனலாம். கொடுமைக்கார மாமியார், கஞ்சப் பண்ணையார், கள்ளமற்ற வேலைக்காரன், நாயகனின் காதலுக்குத் தூது செல்லும் நண்பன் எனத் தமிழ் நாடகமும் திரைப்படமும் இத்தகையோரைத் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தி வந்துள்ளன.

இவர்களைத் திறனாய்வுலகம் பெரும்பாலும் குறைவாகவே மதித்துள்ளது. ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் வெளியிட்ட நாவல் பற்றிய நூலில் கதைமாந்தரைத் தட்டையானவர், முழுமையானவர் என இருவகைப்படுத்தினார். தட்டை மாந்தருக்கும் பயனுண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. ஆயினும் இப்பாகுபாடு தமிழ்த் திறனாய்வில் வழங்கத் தொடங்கியபோது ஒரு தரவரிசையாகவே நிலைத்துவிட்டது. அகவளர்ச்சி உடைய மாந்தரைப் படைப்பது கலை, வகைமாந்தரைப் படைப்பது வணிகம் என்னும் எண்ணம் பரவியது. நாவலுக்கென உருவான அளவுகோலை விடிய விடிய நிகழும் கூத்துக்கும் ஒத்திகையின்றி நிகழும் நாடகத்துக்கும் பொருத்துவது எந்த அளவுக்குச் சரி என்பது இக்கட்டுரையின் முதல் வினா. வகைமாந்தரை மதிப்பிடத் தமிழ் மரபிலேயே வேறு அளவுகோல் உண்டா என்பது இரண்டாவது வினா.

பெயர் சுட்டப்பெறா மாந்தர்

வகைமாந்தர் தமிழுக்குப் புதியவர் அல்லர். அகத்திணைப் பாடல்களில் தலைவன், தலைவி, தோழி, செவிலி, பாங்கன், பாணன் ஆகியோர் உள்ளனர். அவர்களுக்கு இயற்பெயர் இல்லை. ஒருவரது இயற்பெயரைச் சுட்டினால் அப்பாடல் அகத்தின் எல்லையைக் கடந்து புறமாகிவிடும் என்பது மரபு. தோழி எனும்போது அவளது மதிநுட்பமும் துணிவும், செவிலி எனும்போது அவளது பரிவும் கலக்கமும் கற்போர் நெஞ்சில் முன்னரே நிற்கின்றன. புலவர் இவற்றை ஒவ்வொரு பாடலிலும் புதிதாக நிறுவ வேண்டியதில்லை. தெரிந்த மாந்தரைத் தெரியாத ஒரு கணத்தில் நிறுத்திக் காட்டுவதே புலவரின் ஆற்றலாக விளங்கியது. வகைமை என்பது கற்பனைக் குறைபாடன்று. சுருங்கிய அடிகளில் விரிந்த பொருளைத் தருவதற்கான அடித்தளம் என்பதை இது காட்டுகிறது.

அகமரபில் நகைக்கு இலக்காகும் மாந்தரும் உளர். மருதத்திணையில் பரத்தையிற் பிரிந்த தலைவனுக்கு வாயிலாக வரும் பாணன், தலைவியாலும் தோழியாலும் இகழப்பெற்று வாயில் மறுக்கப்படுகிறான். தவறு தலைவனுடையது, இகழ்ச்சியை ஏற்பவன் பாணன். கலித்தொகை மருதக்கலியில் (94) கூனியும் குறளனும் ஒருவர் உடலை ஒருவர் எள்ளிப் பேசி, இறுதியில் இணைகின்றனர். தொல்காப்பியம் அடியோரையும் வினைவலரையும் ஐந்திணைக்குப் புறத்தே, கைக்கிளை பெருந்திணைகளுக்கு உரியோராக வைக்கிறது. ஏவல் செய்வோரின் காதல் நகைப்புக்குரியதாகக் காட்டப்படுவதை இவ்விதியோடு இணைத்தே நோக்க வேண்டும். ஆகவே கீழ்நிலையில் உள்ளோரின் உடலை எள்ளுவது திரைப்படம் புதிதாகக் கொணர்ந்தது என்று கூற இயலாது. அதன் வேர் பழமையானது.

எள்ளல்: ஓர் அளவுகோல்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்து, எள்ளல், இளமை, பேதைமை, மடன் என அதற்கு நான்கு நிலைக்களன்கள் கூறுகிறார். இவற்றுள் எள்ளலைப் பேராசிரியர் இருவகைப்படுத்தி விளக்குகிறார். ஒருவர் பிறரை எள்ளி நகுவது ஒன்று. பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தாம் நகுவது மற்றொன்று. இவ்வுரை விளக்கம் நகைச்சுவை ஆய்வுக்கு மிகவும் பயனுடையது. நகை என்பது வெறும் உணர்ச்சி அன்று, இருவருக்கிடையே நிகழும் உறவு என்பதை இது உணர்த்துகிறது. உறவு என்றாலே அதற்கொரு திசை உண்டு. எள்ளுபவர் யார், எள்ளப்படுபவர் யார், இவ்விருவருள் அதிகாரம் யாரிடம் உள்ளது என்னும் மூன்று வினாக்களைக் கொண்டு வகைமாந்தரை மதிப்பிடலாம். பின்வரும் பகுதிகள் இவ்வளவுகோலையே கைக்கொள்கின்றன.

புகழ்ந்த வாயும் எள்ளிய வாயும்

கட்டியம் என்பது அரசர், தலைவர், தெய்வம் ஆகியோரின் வருகையை முன்னறிவித்து அவர்தம் புகழை உரக்கக் கூறுதல். அதனைக் கூறுவோன் கட்டியங்காரன். கட்டியக்காரன் எனவும் வழங்குவான். சீவகசிந்தாமணியில் அரசைக் கவரும் அமைச்சனின் பெயரும் கட்டியங்காரன் என்பதே. அவன் இங்குக் குறிக்கப்படும் அரங்க மாந்தன் அல்லன். திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியில் இறைவனின் திருவுலாவை அறிவிப்பவனாகக் கட்டியக்காரன் வருகிறான். அங்கு அவன் பணி புகழ்தல் மட்டுமே.

வட தமிழகத் தெருக்கூத்தில் இம்மாந்தனின் நிலை வேறு. ஆட்டக்களத்திற்கு முதலில் வருபவன் அவன். திரைக்குப் பின்னின்று வேடம் கட்டியவர் பாட, நீர் யார், எந்நாட்டவர், இங்கு வந்த காரணம் யாது என்று வினவி அவர்தம் வரலாற்றை அவையோருக்குத் தெரிவிக்கச் செய்பவனும் அவனே. துரியோதனனின் அவையில் அவன் ஏவலாள். அடுத்த காட்சியில் தூதன். மற்றொரு காட்சியில் வழிப்போக்கன். வேடங்கள் பாடலாலும் அடுக்குமொழி வசனத்தாலும் பேச, அவன் ஊரார் பேசும் மொழியில் பேசுகிறான். மகாபாரதக் கதைக்குள் நின்றுகொண்டே உள்ளூர்ச் செய்திகளையும் அன்றாட விலைவாசியையும் பேசும் உரிமை அவனுக்கு உண்டு. மற்ற வேடங்கள் கதையின் காலத்தில் வாழ, அவன் அவையின் காலத்திலும் வாழ்கிறான்.

அரசனின் புகழைக் கூற வந்த வாயே அரசனைக் கேலியும் செய்கிறது என்பது இங்குக் கருதத்தக்கது. கிரீடமும் புயங்களும் கட்டி மிடுக்குடன் வரும் துரியோதனனிடம் தெரியாதவன் போல எளிய வினாக்களைக் கேட்டு, அவனது ஆரவாரத்தைக் கட்டியங்காரன் தளர்த்துகிறான். அரசன் அதட்டுகிறான், சில வேளைகளில் அடிக்கவும் செய்கிறான். கட்டியங்காரன் பணிவது போலப் பணிந்து மீண்டும் எள்ளுகிறான். பேராசிரியர் கூறிய இருவகை எள்ளலும் ஒரே மாந்தனிடம் சேர்ந்திருக்கின்றன. அவன் எள்ளுபவன், எள்ளப்படுபவன் ஆகிய இரண்டுமாக இருக்கிறான். இச்சமநிலையே அவனது உரிமைக்குக் காவல். தன்னையும் நகைப்புக்கு உள்ளாக்குபவன் என்பதனாலேயே பிறரை நகைக்கும் தகுதியை அவை அவனுக்கு வழங்குகிறது.

துகிலுரியும் கதை நிகழும் இரவில் இவ்வுரிமை கடும் சோதனைக்கு உள்ளாகிறது. திரௌபதி அம்மன் வழிபாட்டோடு இணைந்த கூத்துகளில் அக்காட்சி வெறும் நடிப்பன்று. திரௌபதி வேடத்திற்குக் கற்பூரம் காட்டி வழிபடுவதும் உண்டு. அத்தகைய சூழலிலும் கட்டியங்காரன் அவையில் நிற்கிறான். அவன் பேச்சு சில வேளைகளில் கொச்சையாகிறது. சில வேளைகளில் அவையோரின் சினத்தை வாய்விட்டுச் சொல்கிறது. நீதி பேச வேண்டிய பெரியோர் வாய்மூடி இருக்கும் இடத்தில் ஏவலாளின் வாய் திறந்திருப்பது அக்காட்சியின் பொருளையே ஆழப்படுத்துகிறது.

கூத்துக்கு வெளியே இதற்கு இணையான சான்றுகள் உள. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் வடமொழியில் இயற்றிய மத்தவிலாசம், காஞ்சி நகரின் கபாலி, பாசுபதன், சாக்கிய பிக்கு, பித்தன் ஆகிய வகைமாந்தரைக் கொண்டு சமயத் துறவியரின் போலித்தனத்தை எள்ளுகிறது. அடியார்க்குநல்லார் தமது சிலப்பதிகார உரையில் விதூடகக் கூத்தினைக் குறிக்கிறார். கேரளக் கூடியாட்டத்தில் விதூஷகன், நாயகன் கூறும் வடமொழிச் சுலோகங்களை மலையாளத்தில் விளக்கியும் திரித்தும் நகைவிளைக்கிறான். முக்கூடற்பள்ளில் பண்ணைக்காரனின் தோற்றம் நகைப்புக்குரியதாகப் புனையப்படுகிறது. பள்ளனைத் தொழுவில் மாட்டும் அதிகாரம் படைத்தவன் அவன். அவனது உடலே அந்நூலில் எள்ளப்படுகிறது. கலித்தொகைக் கூனியும் குறளனும் எள்ளப்பட்டதையும் பண்ணைக்காரன் எள்ளப்படுவதையும் ஒப்பிட்டால், உடலை எள்ளுதல் என்னும் உத்தி ஒன்றாக இருப்பினும் திசை மாறும்போது பொருளும் மாறுவது தெளிவாகும்.

பபூன்: ஒத்திகையற்ற அரங்கின் உடன்படிக்கை

சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) நாடகங்களை அடிப்படையாகக் கொண்டு தென் தமிழகத்தில் வேரூன்றிய ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்கள் நிலையான குழுவாக இயங்குவதில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்பட்டு, வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து, அன்றிரவு மேடையில் சந்திக்கின்றனர். ஒத்திகை இல்லை. ஆயினும் வள்ளி திருமணம் போன்ற நாடகம் விடியும்வரை நிகழ்கிறது. இதனை இயலச் செய்வது ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ் என்னும் வகைப்பாடே. தமது பாகத்திற்குரிய பாட்டு, வசனம், நுழையும் முறை, எதிர்நடிகருக்கு விடை கூறும் முறை ஆகியவற்றை ஒவ்வொரு நடிகரும் முன்னரே அறிந்திருக்கின்றனர். வகைமாந்தர் இங்கு அழகியல் தேர்வு மட்டும் அன்று. தொழிலை நடத்தும் உடன்படிக்கையும் ஆகும்.

நாடகத்தின் முற்பகுதியில் பபூன் தனியே தோன்றிப் பார்வையாளரை நேராக நோக்கிப் பேசுகிறார். பெரியோர்களையும் தாய்மார்களையும் வணங்கிப் பிழை பொறுக்க வேண்டுகிறார். பின்னர் டான்ஸ் பாகமேற்கும் பெண் கலைஞருடன் ஆடிப்பாடி வாதிடுகிறார். தாய்மார் முன்னிலையில் நேராகக் கூறக் கூசும் செய்தியை, மேடையோரம் அமர்ந்துள்ள இசைக்கலைஞரிடம் கூறுவது போல அவர் திரும்பிக் கூறும் உத்தியும் உண்டு. அவையோர் அதனை ஒட்டுக்கேட்பவராகின்றனர். ஸ்பெஷல் நாடகக் கலைஞர் பற்றி 2005இல் நூல் வெளியிட்ட சூசன் சைசர், மேடையில் நிகழும் இத்தகைய நகைச்சுவையை, சமூகம் அக்கலைஞர்மீது, குறிப்பாகப் பெண் கலைஞர்மீது சுமத்தும் இழிவோடு இணைத்து ஆராய்ந்துள்ளார்.

கட்டியங்காரனோடு ஒப்பிடுகையில் பபூனிடம் ஒரு தொடர்ச்சியும் ஒரு மாற்றமும் காணப்படுகின்றன. அவையோடு நேராகப் பேசும் உரிமை தொடர்கிறது. ஆனால் கட்டியங்காரனுக்கு எதிரே அரசன் நின்றான். பபூனின் நெடிய நகைச்சுவைப் பகுதிக்கு எதிரே நிற்பவர் பெண் கலைஞர். எள்ளலின் திசை மேல்நோக்கியதிலிருந்து பக்கவாட்டில் திரும்புகிறது. டான்ஸ் பாகமேற்பவர் வாய்த்திறம் மிக்கவராயின் பபூனை மடக்கி அவையின் கைதட்டலைப் பெறுவதும் உண்டு என்பதனால், திசை இன்னும் முழுமையாக ஒருவழிப்பட்டுவிடவில்லை.

கதைக்குள் அடங்கிய கோமாளி

திரைப்படத்தில் இம்மாந்தரின் நிலை அடிப்படையிலேயே மாறுகிறது. ஒளிப்படக்கருவிக்கு முன் அவை இல்லை. ஆதலின் கதைக்கும் அவைக்கும் இடையே நின்றவன் கதைக்குள் ஓர் இடம் தேட வேண்டியதாயிற்று. வேலைக்காரன், நாயகனின் நண்பன், சமையற்காரன் என அவனுக்கு இடங்கள் கிடைத்தன. இடம் கிடைத்தது, நின்ற நிலையின் உரிமை குறைந்தது.

பம்மல் சம்பந்த முதலியாரின் சபாபதி நாடகம் 1941இல் திரைப்படமாயிற்று. டி. ஆர். இராமச்சந்திரன் ஏற்ற முதலாளிக்கும் காளி என். இரத்தினம் ஏற்ற வேலைக்காரனுக்கும் பெயர் சபாபதி என்பதே. முதலாளியிடம் பேதைமை உள்ளது. சொல்லியதைச் சொல்லியவாறே கொள்ளும் வேலைக்காரனிடம் மடன் உள்ளது. தொல்காப்பியர் கூறிய இரண்டு நிலைக்களன்கள் இரு மாந்தரிடையே பகிரப்பட்டுள்ளன. பெயர் ஒன்றாக இருப்பதனால் வேலைக்காரனைப் பார்த்து நகும் நகை முதலாளியையும் சென்று தொடுகிறது. இதில் எள்ளல் இன்னும் மேல்நோக்கிச் செல்லும் ஆற்றலை இழக்கவில்லை.

கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் (1908–1957) இழந்த நிலையை மீட்க வேறொரு வழி கண்டார். நல்லதம்பி (1949) திரைப்படத்தில் இடம்பெற்ற கிந்தனார் காலட்சேபம் அதற்குச் சான்று. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையால் மக்கள் நெஞ்சில் பதிந்திருந்த கதையை அது தலைகீழாக்குகிறது. நந்தன் தில்லை காண விழைந்தான். கிந்தன் நகரம் சென்று கல்வி பெற விழைகிறான். காலட்சேபம் என்னும் வடிவம் கதை சொல்பவரை மீண்டும் அவையின் முன் நிறுத்துகிறது. திரைக்கதைக்குள் ஓர் அவையை அமைத்துக்கொண்டு, அதன்வழித் திரையரங்கின் அவையோடு பேசும் கட்டியங்காரனின் நிலையைக் கலைவாணர் புதுப்பித்தார் எனலாம். எள்ளப்பட்டது கிந்தனின் உடலோ அறியாமையோ அன்று. அவனுக்குக் கல்வியை மறுத்த சமூக ஒழுங்கு.

திருவிளையாடல் (1965) படத்தின் தருமி, புராண மாந்தர் வகைமாந்தராக மாறியதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் தருமி திருமணத்திற்குப் பொருள் வேண்டி இறைவனை இரக்கும் ஆதரவற்ற இளைஞன், நகைப்புக்குரியவன் அல்லன். ஏ. பி. நாகராசன் இயக்கத்தில் நாகேஷ் ஏற்ற தருமி, வறுமையும் அச்சமும் வாய்த்திறமும் கலந்த கோமாளி. ஆயினும் அவன் இறைவன் என்று அறியாமலே இறைவனை வினவுகிறான். பொற்கிழி வழங்கும் அவையின் முன் நடுங்கியவாறே நிற்கிறான். அவனைப் பார்த்து நகும் அவையோர், பசித்தவனுக்குப் பொருட்குற்றம் காட்டும் புலமையையும் சேர்த்தே நகுகின்றனர். வகைமாந்தராக மாறியதனால் தருமி சுருங்கவில்லை; புராணம் தராத குரலைப் பெற்றான்.

1980களின் பிற்பகுதியில் கவுண்டமணி–செந்தில் இணை பெரும்புகழ் பெற்றது. கரகாட்டக்காரன் (1989) அதற்கு ஓர் உச்சம். நாட்டுப்புறக் கலைக்குழுவைப் பற்றிய அப்படத்திலேயே கட்டியங்காரனின் இருவகை எள்ளலும் இரு நடிகரிடையே பிளவுபடுகின்றன. ஒருவர் எப்போதும் எள்ளுபவர்; மற்றவர் பெரும்பாலும் எள்ளப்படுபவர். செந்திலின் பாத்திரம் தனது மடனாலும் பிடிவாதத்தாலும் கவுண்டமணியின் பாத்திரத்தைத் தோற்கடிப்பதும் உண்டு; அவ்வளவில் இவ்விணை உயிர்ப்புடையதே. எனினும் நிறம், உடலமைப்பு ஆகியவற்றை நோக்கிய வசைகள் இவ்விணையின் நகைச்சுவையில் மிகுதி. இருவரும் நாயகனைச் சார்ந்திருப்போர். அவர்களுக்குள்ளேயே எள்ளல் சுழல, நாயகன் நகையின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்படுகிறான். துரியோதனனை வினவியவன் இங்கு நாயகனை வினவுவதில்லை. இதுவே இவ்வகைமாந்தரின் வரலாற்றில் நேர்ந்த பெரிய இழப்பு.

இம்சை அரசன் 23ஆம் புலிகேசி (2006) இவ்விழப்பை நேர்மாறாக்கிக் காட்டுகிறது. சிம்புதேவன் இயக்கிய இப்படத்தில் வடிவேலு கோமாளி மன்னனாகவும் அவனது இரட்டையனாகவும் நடித்துள்ளார். கோமாளியே அரியணையில் அமர்வதால் அரசன் மீண்டும் எள்ளலுக்கு உரியவனாகிறான். அவைக்கு வரும் புலவர் புகழ்வது போல வைது பாடும் காட்சி குறிப்பிடத்தக்கது. புகழும் வாயே எள்ளும் வாயாக இயங்கிய கட்டியங்காரனின் மரபு, வஞ்சப்புகழ்ச்சியின் வழியே அக்காட்சியில் மீண்டும் ஒலிக்கிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. வகைமாந்தர் தமிழ் அகமரபின் அடிப்படைக் கூறு. பெயரும் தனி வரலாறும் இன்மை அங்குக் குறையாகக் கருதப்படவில்லை. ஆகவே அகவளர்ச்சி ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு வகைமாந்தரைத் தாழ்த்துவது பொருந்தாது.

2. வகைமாந்தர் அரங்கின் தொழில்முறையோடு பிணைந்தவர். ஒத்திகையற்ற ஸ்பெஷல் நாடகம் வகைப்பாடு இன்றி இயங்க இயலாது.

3. நகைச்சுவை வகைமாந்தரை மதிப்பிடப் பேராசிரியர் எள்ளலுக்குத் தரும் இருவகை விளக்கம் தக்க கருவியாகிறது. எள்ளுதலும் எள்ளப்படுதலும் ஒருவரிடமே அமையும்போது நகை சமநிலை பெறுகிறது. அவை பிளவுபடும்போது நகை வலியோரிடமிருந்து விலகி மெலியோரைச் சூழ்கிறது.

4. கட்டியங்காரனின் உரிமை அவன் நின்ற இடத்தால் விளைந்தது. கதைக்கும் அவைக்கும் இடையே நின்றவன் கதைக்குள் வேலையாளாக அடங்கியபோது அவ்வுரிமை குறைந்தது. கிந்தனார் காலட்சேபமும் புலிகேசியும் அதனை வெவ்வேறு வழிகளில் மீட்டன.

திரை நகைச்சுவையில் நிறத்தையும் உடலையும் எள்ளும் போக்குக்கு இன்று எதிர்ப்பு வலுத்து வருகிறது. அவ்வெதிர்ப்பு நகைச்சுவை மாந்தரையே வேண்டாம் என விலக்குவதாக முடிந்துவிடக் கூடாது. அரசனை நோக்கி, நீர் யார், இங்கு வந்த காரணம் யாது என்று வினவிய ஏவலாளின் குரல் தமிழ் அரங்கின் அரிய செல்வம். அக்குரலுக்கு மீண்டும் இடமளிப்பது எவ்வாறு என்பதே நாடக, திரைப்படப் படைப்பாளர் முன்னும் ஆய்வாளர் முன்னும் உள்ள வினா.